பன்னிக் காவலுக்கு 300 மீட்டர் தெரியற டார்ச் எது வாங்கலாம்ங்க?

அந்தியூர்_மேற்கு:

வணக்கம்ங்க. நமக்கு அந்தியூர் தாண்டி பர்கூர் மலை அடிவாரத்துல தோட்டம்ங்க, நாலு ஏக்கர் மக்காச்சோளம், அதையொட்டி ஒன்னரை ஏக்கர் குச்சிக்கிழங்கு. கதிர்ல பால் பிடிக்க ஆரம்பிச்சா அறுப்பு வரைக்கும் நானும் அப்பாவும் மாத்தி மாத்தி பரண்ல காவல். வர்றது முக்கால்வாசி காட்டுப்பன்னிதாங்க, கூட்டமா வந்து எறங்குச்சுன்னா தின்னது பாதி மிதிச்சது பாதின்னு விடிஞ்சு பாத்தா வயிறெரியும். அப்பப்ப ஆனையும் வருது, அதனால என்ன ஏதுன்னு தெரியாம பரணை விட்டு எறங்க முடியறதில்ல. பரண்ல இருந்து காட்டோர வேலி 300 மீட்டர் இருக்கும், அங்க அசையறது பன்னியா ஆனையா மாடான்னு மேல உக்காந்தே தெரியணும், அவ்வளவுதான் தேவை.

இப்ப கைல இருக்கறது கடையில வாங்கின பேரு தெரியாத சார்ஜ் டார்ச்சுங்க. அட்டைப்பெட்டில 5 கிலோமீட்டர்னு போட்டிருக்கான், 100 மீட்டர் தாண்டுனா ஒன்னும் தெரியல, சும்மா வெள்ளையா ஒரு மூட்டம்தான். பக்கத்து தோட்டத்துப் பையன் ஆன்லைன்ல ஹண்டிங் லைட்டுன்னு இருக்கு, பச்சை சிவப்புன்னு கலர்லயும் வருது, அத வாங்குங்ணாங்கறான். பேட்டரி சார்ஜர் எல்லாம் சேத்து ஒரு 5,000 ரூவா வரைக்கும் போடலாம்னு இருக்கறேன். லூமென்ஸ் எத்தனை இருந்தா 300 மீட்டருக்கு தெரியும்ங்க? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெளிச்சம்_சேலம்:

அண்ணா வணக்கம். மொதல்ல லூமென்ஸை மறந்துடுங்க, உங்க வேலைக்கு அது கணக்கே இல்ல. லூமென்ங்கறது டார்ச்ல இருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும்ங்கறத சொல்றது கேண்டெலா. தோட்டத்துல ஹோஸ் பைப்ல தண்ணி விடறீங்கல்ல, வாய்ல கட்டைவிரல வச்சு அமுத்துனா அதே தண்ணிதான் வாழை நாலு வரிசை தாண்டிப் போய் விழும். கேண்டெலா அந்த அமுத்தற கணக்கு. 10,000 லூமென் விடற டார்ச் முத்தம் பூரா பகலாக்கிட்டு 200 மீட்டர்ல செத்துப்போகும், 1,000 லூமென் டார்ச் ஒன்னு 700 மீட்டர் தாண்டும், ரெண்டும் சாத்தியம்.

கணக்கு ரொம்ப சுலபம். எஃப்எல்1னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, நேர்மையான கம்பெனி எல்லாம் அதுல டெஸ்ட் பண்ணித்தான் பெட்டில போடுவான். அதுல கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்குனா மீட்டர்ல தூரம். 10,000 கேண்டெலான்னா 200 மீட்டர், 40,000 இருந்தா 400, 90,000க்கு 600. தூரம் டபுள் ஆகணும்னா கேண்டெலா நாலு மடங்கு வேணும், இதுல ஏமாத்த வழியே இல்ல. உங்க பெட்டி சொல்ற 5 கிலோமீட்டருக்கு 62 லட்சத்து 50 ஆயிரம் கேண்டெலா வேணும். கைல பிடிக்கற டார்ச்ல, அந்த விலைக்கு, வாய்ப்பே இல்லண்ணா.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அத கவனிச்சாத்தான் காசு வீணாகாது. ஸ்டாண்டர்ட்ல தூரம்னு சொல்றது வெளிச்சம் 0.25 லக்ஸா கொறையற இடம், லக்ஸ்ங்கறது ஒரு எடத்து மேல விழற வெளிச்சத்தோட அளவு. அதாவது மேகம் இல்லாத பௌர்ணமி நிலா அளவு. அந்த வெளிச்சத்துல 300 மீட்டருக்கு அப்பால நிக்கிறது என்னன்னு சொல்ல முடியாது, ஏதோ இருக்குன்னுதான் தெரியும். பாத்து அடையாளம் சொல்லணும்னா அதைப் போல நாலு மடங்காவது, 1 லக்ஸ் வேணும். அதனால உங்க 300 மீட்டருக்கு பெட்டில 600 மீட்டர் போட்டிருக்கணும், கேண்டெலா 90,000க்கு மேல. இத வச்சு கடைக்காரன்கிட்ட கேளுங்க, கேண்டெலா எவ்வளவுன்னு கேட்டு முழிச்சான்னா வெளிய வந்துடுங்க.

பன்னிக்கு இது கூடுதலா தேவை, ஏன்னு சொல்றேன். மானு, மாடு, நாய், மரநாய் இதுக்கெல்லாம் கண்ணுக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, லைட் பட்டா பளிச்சுன்னு மின்னும், அதனால சுமாரான டார்ச்லயே 300 மீட்டர்ல கண்ணு மட்டும் ரெண்டு புள்ளியா தெரிஞ்சுடும். பன்னிக்கு அந்தப் படலமே கிடையாது. கண்ணு மின்னாது. கறுத்த ஒடம்பு, அதுல சேறு, நிக்கறது சோளத்தட்டைக்கு நடுவுல. ஒடம்பைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். "கண்ணு தெரியல, ஒன்னும் இல்ல"ன்னு படுத்துட்டா விடிஞ்சு பாத்தா காடு காலியாயிருக்கும்.

இனி எத வாங்கறது. தூரம் போகணும்னா ரெண்டே விஷயம், எல்இடி சிப் சின்னதா பளிச்சுன்னு இருக்கணும், முன்னாடி ரிஃப்ளெக்டர் பெருசா, ஆழமா, வழவழன்னு இருக்கணும். ஆரஞ்சுத்தோல் மாதிரி பொரிபொரியா இருக்கற ரிஃப்ளெக்டர் கிட்டப் பாக்க நல்லது, தூரத்துக்கு ஆகாது. சிப்புல ஆஸ்ராம் ஒயிட் ஃப்ளாட், எஸ்எஃப்டி40 இந்த பேரெல்லாம் பாத்தா அது தூரத்துக்குன்னு செஞ்சது. கான்வாய்னு ஒரு சீன கம்பெனி, சி8+, எல்21ஏ ரெண்டும் பேர் போனது, காசுக்கேத்த சரக்குன்னா நான் அதைத்தான் சொல்லுவேன். சி8 சைஸ் கைக்கு அடக்கம், ஆனா உங்க தூரத்துக்கு கொஞ்சம் இழுபறி. எல்21ஏ தலை பெருசு, பரண்ல வச்சுக்க அதுதான் சரி. அலிஎக்ஸ்பிரஸ் 2020ல இங்க தடை ஆனதுல இருந்து நேரா வாங்க முடியறதில்ல, இங்க எடுத்து விக்கிறவங்க இருக்காங்க, வெலை கொஞ்சம் கூட. பெனிக்ஸ்ல எச்டி18னு வேட்டைக்குன்னே ஒன்னு வருது, 1,500 லூமென், 925 மீட்டர், அருமையான பொருள், ஆனா உங்க பட்ஜெட்ட நல்லாவே தாண்டும்.

முன்னாடி இழுத்தா ஜூம் ஆகற டார்ச் வேண்டவே வேண்டாம். ஜூம் பண்ணா பாதி வெளிச்சம் உள்ளயே தங்கிடும், சதுரமா ஒரு கட்டம் விழும், சுத்தி ஒன்னும் தெரியாது, தலை நகர்ற இடத்துல தண்ணியும் பூந்துக்கும். மார்கழிப் பனில ராத்திரி பூரா வெளிய வைக்கிற பொருளுக்கு ஐபிஎக்ஸ்8, அதாவது தண்ணில முங்குனாலும் தாங்கற தரம், இருந்தா நிம்மதி.

டப்போ_பாண்டியன்:

அண்ணே, நான் மதுரைப் பக்கம், இப்ப ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல டப்போ ஊர்ல இருக்கேன். இங்க ஆட்டுப்பண்ணைக்காரங்க கேட்டுக்கிட்டா நரி, முயல், காட்டுப்பன்னி அடிக்க லைசென்ஸ் வச்சிருக்கவங்க ராத்திரி போவோம், பண்ணைக்காரர் சம்மதத்தோட, சட்டப்படி. இதெல்லாம் இங்க வெளியூர்ல இருந்து வந்து பெருகுன ஜந்து, ஆட்டுக்குட்டிய நரி தூக்கிட்டுப் போயிரும். அதனால ஹண்டிங் லைட்டு பத்தி எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், ஏன்னா அந்தப் பையன் சொன்னத கேட்டு வாங்குனா நீங்க ஏமாந்துருவீங்க.

வேட்டை லைட்டு எதுக்குன்னா மிருகம் ஓடாம நிக்கணும்ங்கறதுக்கு. அதுக்குத்தான் சிவப்பும் பச்சையும். நரிக்கும் பன்னிக்கும் நம்ம மாதிரி செகப்பு தெரியாது, செகப்புல அடிச்சா அதுங்களுக்கு மங்கலாத்தான் இருக்கும், மேய்ஞ்சுக்கிட்டே நிக்கும். உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேரெதிர். பன்னி ஓடணும்ல? அப்ப வெள்ளைதான் வேணும்ண்ணே. கலர் கண்ணாடி மாட்டுனா வெளிச்சத்துல பெரும்பங்கு அந்தக் கண்ணாடியிலயே போயிரும், 600 மீட்டர் டார்ச்சு பாதித் தூரம்கூட அடிக்காது. பச்சை லைட்டுல நம்ம கண்ணுக்கு நல்லாத் தெரியுற மாதிரி இருக்கும், ஆனா எல்லாமே ஒரே பச்சையாத் தெரியுறதால பன்னி எது பாறை எதுன்னு பிரிக்கிறது கஷ்டம். துப்பாக்கில மாட்டுற கிளிப்பு, வயர் வச்ச சுவிட்ச்சு எல்லாம் சேத்து வெலை போடுறாங்க, அதுவும் உங்களுக்கு தண்டம்.

ஒன்னு மட்டும் வேட்டைக்காரங்ககிட்ட எடுத்துக்கங்க, லைட்டு அடிக்கிற முறை. முழு வெளிச்சத்துல மெதுவா ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு தடவை இழுங்க, உடனே அணைச்சிருங்க. எரியவிட்டு அப்பிடியே பிடிச்சிக்கிட்டு இருந்தா ஒங்க கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகி சுத்துப்பக்கம் குருடாயிரும், கண்ணு மறுபடி இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். டார்ச்ச கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிக்காம இடுப்புக்குப் பக்கத்துல, கொஞ்சம் வெலக்கிப் பிடிங்க. பனி, தூசி இருக்கிற நாள்ல முன்னால வெள்ளைத்தூணு மாதிரி நிக்கிற வெளிச்சம் நேரா மூஞ்சில அடிக்காது, தூரத்துல இருக்கிறது தெரியும். நிலத்த பாத்து அடிக்காம பயிர் தலைக்கு மேல ஓட்டுங்க, கிட்ட இருக்கிற தட்டை வெளிச்சத்த திருப்பி விட்டுச்சுன்னா அப்பால ஒன்னும் தெரியாது.

இங்க எங்களுக்கு மொதப் பாடமே கண்ணைப் பாத்துச் சுடாத, ஒடம்பைப் பாத்து உறுதி பண்ணாம விரலை வைக்காதங்கறதுதான். சுடுற வேலை இல்லாட்டியும் உங்களுக்கும் அது பொருந்தும், வேலியோரம் வர்றது பக்கத்துத் தோட்டத்து ஆளாக்கூட இருக்கலாம்ல.

குறிஞ்சி77:

எல்லாம் சரி பாஸ், நல்ல டார்ச் வாங்கிட்டு ஒரு பன்னிய போட்டுட்டா அடுத்த வருஷம் கூட்டமே வராது, எங்க ஊர்ல அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. பயிரை அழிக்கிற மிருகத்துக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?

கூடலூர்_மழை:

குறிஞ்சி தம்பி, கோபம் புரியுது, எங்களுக்கும் கூடலூர்ல வாழையும் பாக்கும் போறது வழக்கம்தான். ஆனா இத இங்க எழுதறத நாலு பேர் படிச்சுட்டு செஞ்சுடக்கூடாதுன்னு சொல்றேன். டப்போல இருக்கற தம்பிக்கு அங்க சட்டம் வேற. இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப்பன்னியும் பட்டியல்ல இருக்கு, கண்ணி வைக்கறது, பொறி வைக்கறது, தீனி வச்சு வரவைக்கறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட வேட்டைன்னுதான் சட்டம் சொல்லுது. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 2022 திருத்தத்துக்கப்புறம் அபராதம் ஒரு லட்சம் வரைக்கும். பைக், டார்ச், வலைன்னு அதுக்குப் பயன்படுத்தி பிடிபட்ட எல்லாம் அரசாங்கத்துக்குப் போயிடும்.

அதைவிட முக்கியம் அந்தியூர்க்காரருக்கு. உங்க மேல இருக்கற அந்தியூர், கோபி பக்கத்துக் காடு 2024 ஜனவரில தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு, கிட்டத்தட்ட 805 சதுர கிலோமீட்டர். உங்க வேலிக்கு அந்தப்பக்கம் அதுல வருதான்னு வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. உங்க பட்டாவுல நின்னு உங்க பயிருக்கு டார்ச் அடிக்கறது வேற, பன்னிய வெரட்டிக்கிட்டே ராத்திரில லைட்டோட காட்டுக்குள்ள நுழையறது வேற. ரெண்டாவதுக்கு வேட்டைக்கு வந்தேன்னுதான் கேஸ் ஆகும், சொல்லி புரியவைக்க முடியாது.

பன்னிக்கு வழியே இல்லன்னு இல்ல. 2025 ஜனவரில அரசு முடிவு பண்ணியிருக்கு, காப்புக்காட்டு எல்லையில இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல வெளிய வந்து பயிரை அழிக்கற பன்னிய வனத்துறை ஆளுங்க சுடலாம், 1ல இருந்து 3 கிலோமீட்டருக்குள்ளன்னா பிடிச்சு காட்டுல விடணும், 1 கிலோமீட்டருக்குள்ள சுடறதுக்கு இடமே இல்ல. சுடறதும் அவங்க, நாம இல்ல. அடிவாரத்துல வேலியோரமே காடுன்னா நீங்க அந்த 1 கிலோமீட்டருக்குள்ளதான் வருவீங்க, அதனால சேதத்துக்கு தேதியோட ஃபோட்டோ எடுத்து விஏஓ, ரேஞ்ச் ஆபீஸ் ரெண்டு எடத்துலயும் நிவாரணத்துக்கு எழுதிக் குடுங்க. ஒவ்வொரு தடவையும் குடுங்க, எழுத்துல இல்லாத சேதம் அவங்க கணக்குலயே வராது.

அவுட்டுக்காய்னு தீனில மறைச்சு வைக்கற நாட்டு வெடி, திருட்டு கரண்ட் வேலி பத்தி யாரும் இங்க பேச்செடுக்காதீங்க. 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் பயிருக்கு விட்ட கரண்ட்ல மூணு யானை ஒரே எடத்துல செத்துச்சு, கூட வந்த குட்டி ரெண்டு பக்கத்துலயே நின்னுட்டிருந்துச்சு. அது பன்னிக்குன்னு விட்ட கரண்ட்டுதான். மனுஷங்களும் எத்தனையோ பேர் அதுலயே மாட்டி செத்திருக்காங்க.

இனி யானைக்கு வர்றேன், ஏன்னா டார்ச் விஷயத்துல இதுலதான் உயிர் போகுது. தூரத்துல இருந்து ஒரு தடவை அடிச்சு யானைதான்னு தெரிஞ்சுடுச்சுன்னா அத்தோட டார்ச்சோட வேலை முடிஞ்சுது. மூஞ்சிக்கு நேரா அடிச்சுக்கிட்டே இருக்கக்கூடாது, கிட்ட இருக்கும்போது சுத்தமா கூடாது, லைட் வர்ற திசைக்கே திரும்பி வரும். ஒத்தை ஆம்பள யானை ஆளுக்குப் பழகிடுச்சுன்னா வெளிச்சத்த சட்டையே பண்ணாது. கூட்டத்துல குட்டி இருந்தா தாய் சும்மா விடாது. பரண் மேலயே இருங்க, பரண் மரம் கெட்டியான மரமா இருக்கட்டும், பக்கத்துத் தோட்டத்துக்கு ஃபோன் பண்ணுங்க, வனத்துறை காவலர்க்கு ஃபோன் பண்ணுங்க. அந்த நம்பர ஃபோன்ல மட்டும் வைக்காம பரண்லயும் எழுதி ஒட்டி வைங்க.

அந்தியூர்_மேற்கு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். குறிஞ்சி தம்பிக்கு, நமக்கு வேட்டைக்கெல்லாம் வேண்டாம்ப்பா, பயிரு வீடு வந்து சேந்தா போதும். பன்னிக்கு கண்ணு மின்னாதுங்கறது எனக்கு இத்தன வருஷம் தோணவே இல்லைங்க, அப்பாகிட்ட சொன்னேன், அவரு "நாய் கொலைக்கற பக்கம் லைட்டு அடிச்சா ஒன்னுமே காணோம்னு நெனச்சேனே, இதானா"ன்னாரு. வெளிச்சம் அண்ணா, இன்னும் ரெண்டு கேள்விங்க. பேட்டரி எது வாங்கறது, 9,900 எம்ஏஎச்னு இங்க டவுன்ல 200 ரூவாய்க்கு கெடைக்குது, அது போதுமா? அப்புறம் எல்இபின்னு ஒன்னு ரெண்டு கிலோமீட்டர் அடிக்கற மாதிரி வீடியோல காட்டறாங்களே, காசு சேத்து அதையே வாங்கிறலாமா?

வெளிச்சம்_சேலம்:

9,900ஐ தொடாதீங்கண்ணா. டார்ச்ல போடற 18650ங்கற செல் சைஸ்ல நல்ல கம்பெனி செய்யறதே பெரும்பாலும் 3,500, 3,600 எம்ஏஎச்தான், புதுசா வந்த ஒன்னு ரெண்டு 4,000 பக்கம் வரும், 9,900னு எழுதியிருந்தா பொய்யின்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். எடை போட்டுப் பாருங்க, நல்ல செல் 45 கிராமுக்கு மேல இருக்கும், டூப்ளிகேட் லேசா இருக்கும், பழைய லேப்டாப் செல்ல உரிச்சு புது ஸ்டிக்கர் ஒட்டுனதும் சுத்துது. டார்ச் முழு வெளிச்சத்துல 5 ஆம்பியர் இழுக்கும், இந்த செல்லால குடுக்க முடியாது, சூடாகும், அது பரண்ல வைக்கோல் மேல வைக்கற பொருள் இல்ல.

21700 சைஸ் போடற டார்ச்சா வாங்குங்க, சாம்சங், எல்ஜி, மோலிசெல் இந்த மூணுல எதுவானாலும் ஒரிஜினலா இருந்தா 4,000ல இருந்து 5,000 எம்ஏஎச் வரும். விலாசம் தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்குங்க, ஈவி பேட்டரி பேக் செய்யற கடைங்ககிட்டயும் ஒத்தை செல் கெடைக்கும். ரெண்டு செல் வச்சுக்கங்க. பாதுகாப்பு சர்க்யூட் வச்ச புரொடெக்டட் செல்லு மூணு நாலு மில்லிமீட்டர் நீளம் கூட, டார்ச்சுக்குள்ள போகுமான்னு கேட்டுட்டு வாங்குங்க. மிச்ச செல்ல சாவிக்கொத்து, சில்லறை இருக்கற பாக்கெட்ல போடாதீங்க, பிளாஸ்டிக் டப்பால போட்டு வைங்க.

ரன்டைம்னு பெட்டில போடறத அப்படியே எடுத்துக்காதீங்க. மொத வெளிச்சத்துல பத்துல ஒரு பங்கா கொறையற வரைக்கும் உள்ள நேரத்தத்தான் ஸ்டாண்டர்ட்ல ரன்டைம்ங்கறான். டர்போ மோடுங்கற உச்ச வெளிச்சம் நாலஞ்சு நிமிஷத்துல சூட்டுல தானா எறங்கிடும். பாண்டியன் சொன்ன மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு அணைச்சா அது பிரச்சனையே இல்ல, ஒரு செல்லே விடியற வரைக்கும் தாங்கும்.

எல்இபி வேண்டாம். உள்ள லேசர அடிச்சு பாஸ்பர் வழியா வெள்ளை வெளிச்சமா மாத்தறாங்க, தூரம் போகுறது நெசம்தான், ஆனா 300 மீட்டர்ல விழற வட்டம் பத்து மீட்டர்கூட இருக்காது, நாலு ஏக்கர் வேலிய அதுல தேடி முடிக்கறதுக்குள்ள பன்னி சாப்ட்டுட்டு போயிருக்கும். சுத்தி வெளிச்சம் கசியவும் கசியாது. அந்தக் காசுல எல்21ஏ மாதிரி ஒன்னும், மீதியில ஒரு ஹெட்லைட்டும் வாங்குங்க. ஹெட்லைட்ல சிவப்பு மோடு இருக்கறதா பாருங்க, பரண்ல டீ ஊத்த, ஏணில எறங்க, கால் வைக்கற எடத்துல பாம்பு இருக்கான்னு பாக்க அதுதான், தூரத்து டார்ச் காலடிக்கு ஆகவே ஆகாது. பாம்பு பாக்க மட்டும் வெள்ளைய போட்டுக்கங்க, சிவப்புல கட்டுவிரியனும் குச்சியும் ஒன்னாத்தான் தெரியும்.

வாங்குனதும் பகல்லயே வேலியோரம் ஒரு கறுப்பு கோணிப்பைய பன்னி ஒசரத்துக்கு கட்டி விட்டுடுங்க, ராத்திரி பரண்ல இருந்து அடிச்சுப் பாருங்க. அது தெரியலன்னா திருப்பிக் குடுத்துடுங்க, ஏழு நாள் ரிட்டர்ன் இருக்கற எடத்துலயே ஆர்டர் போடுங்க.

டப்போ_பாண்டியன்:

கோணிப்பை யோசனை ரொம்பச் சரி. அத அசையாம கட்டாதீங்கண்ணே, ஒரு கயித்துல தொங்கவிடுங்க, காத்துல லேசா ஆடட்டும். அப்புறம் வெறும் லைட்டுக்கு பன்னி ரெண்டு வாரத்துல பழகிரும், அதனால லைட்டு அடிக்கிறப்ப கூடவே தகரத்தத் தட்டுங்க, ஒவ்வொரு ராத்திரியும் ஒரே நேரத்துல அடிக்காம மாத்தி மாத்தி அடிங்க. மொத தடவை காட்டோரத்துல நிக்கும்போதே அடிச்சுட்டா திரும்பிரும், சோளத்துக்குள்ள எறங்கி வாய் வச்சிருச்சுன்னா அப்புறம் கெளப்புறது பெரும்பாடு.

அந்தியூர்_மேற்கு:

சரிங்க, எல்21ஏவும் ரெண்டு செல்லும் ஈரோட்டுல விசாரிச்சுட்டு இருக்கறேன். ரேஞ்ச் ஆபீசுக்கு அப்பா நாளைக்கு போறாரு, சரணாலய எல்லை எங்க வருதுன்னு கேட்டுட்டு பழைய சேதத்துக்கு மனுவும் குடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. டார்ச் வந்ததும் கோணிப்பை எத்தன மீட்டர்ல தெரியுதுன்னு அளந்து இங்கயே போடறேன்ங்க.